விர்ச்சுவல் பியானோவின் ஒலித்தரத்தை எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

விர்ச்சுவல் பியானோ ஒன்றை, அதாவது கணினியில் ஓடும் பியானோ மென்பொருளை, நிறுவி, திறந்து, நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அழுத்திப் பார்த்துவிட்டு ‘இது அருமை, அது பிளாஸ்டிக்’ என்று முடிவு கட்டுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த நாலு கார்டில் அவர்கள் கேட்டது பெரும்பாலும் ரிவெர்ப்பை, அதாவது மேலே சேர்த்த எதிரொலியை. அதோடு, கீபோர்டுக்கும் மென்பொருளுக்கும் ஒத்துப்போகாத வெலாசிட்டியை (கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்ற அளவு). போதாததற்கு, எது கொஞ்சம் சத்தமாக ஒலித்ததோ அதன் பக்கம் காது தானாகவே சாய்ந்திருக்கும். பியானோவை இன்னும் கேட்கவே இல்லை.

அதனால் இங்கே சோதனைகள் எவ்வளவு முக்கியமோ, அவற்றின் வரிசையும் அவ்வளவு முக்கியம். பியானோ அல்லாத எல்லாவற்றையும் முதலில் கழிக்க வேண்டும். பிறகு ஒற்றை ஸ்வரம், பிறகு ஸ்வரங்களுக்கு இடையே நடப்பது, கடைசியில்தான் இசை. தலைகீழாகப் போனால், பாட்டு மனதுக்குப் பிடித்துப்போய்க் காது எல்லாக் குறைகளையும் மன்னித்துவிடும்.

ஒரு சின்னக் குறிப்பு: நடு சி-யை நான் சி4 என்று எழுதுகிறேன். சில மென்பொருள்கள் அதையே சி3 என்று காட்டும், குழம்ப வேண்டாம்.

1. தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

88 கட்டைகள் உள்ள, கட்டைக்கு எடை இருக்கிற கீபோர்டு வேண்டும். லேசான ஸ்பிரிங் கட்டைகளில் மெதுவான ஸ்வரங்களைக் கையால் கட்டுப்படுத்துவது கடினம். ஆனால் பியானோவின் தரம் நன்றாகத் தெரிவது அந்த மெதுவான ஸ்வரங்களில்தான்.

பெடல், பாதி அழுத்தத்தையும் அனுப்பக்கூடியதாக இருக்கட்டும். வெறும் ஸ்விட்ச் போல ‘ஆன், ஆஃப்’ மட்டும் தெரிந்த பெடலை வைத்துக்கொண்டு பாதிப் பெடலைச் சோதிக்க வழியே இல்லை.

ஹெட்போன் வயருடன் இருக்க வேண்டும். புளூடூத் வேண்டவே வேண்டாம்: தாமதம் கையை ஏமாற்றும், அதில் நடக்கும் ஒலிச் சுருக்கம் காதை ஏமாற்றும். விலை உயர்ந்த ஹெட்போன்தான் வேண்டும் என்பதில்லை, உங்கள் காதுக்குப் பழகியதாக இருந்தால் போதும். சோதனைக்கு முந்தின நாள், உண்மையான பியானோவில் வாசித்த தனி இசைப் பதிவு ஒன்றை அதே ஹெட்போனில் கேட்டுவிட்டு வாருங்கள்.

இவற்றோடு, மிடி கோப்பை (எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு பலமாக என்ற குறிப்புகள் மட்டும் உள்ள கோப்பு) ஓட்டி ஒலியாகச் சேமிக்கத் தெரிந்த ரெக்கார்டிங் மென்பொருள் ஒன்று. ரீப்பர், கேரேஜ்பேண்ட் எதுவானாலும் சரி.

2. கணினியின் குற்றத்தைப் பியானோ மேல் போடாதீர்கள்

‘படபட’ என்று வெடிக்கும் சத்தம், திடீரென்று அறுந்துபோகும் ஸ்வரம், கட்டையை அழுத்திய பிறகு இழுத்துக்கொண்டு வரும் ஒலி, இதெல்லாம் பெரும்பாலும் பியானோவின் குறை அல்ல.

முதலில் பஃபரைப் பாருங்கள், கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவு அது. 44,100 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 5.8 மில்லி விநாடி, 512 என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. இதன்மேல் ஆடியோ இன்டர்ஃபேஸின் தாமதமும் கீபோர்டின் தாமதமும் சேரும். விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கு உரிய, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைப் போடாமல் சோதிக்க உட்காராதீர்கள். தாமதம் கூடினால் கை தன்னையறியாமல் பலமாக அடிக்கும், பலமாக அடித்தால் நாதம் கடினமாகும், கடைசியில் ‘இந்தப் பியானோ முரடு’ என்று எழுதி வைப்பீர்கள்.

அடுத்தது பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் ஓடலாம் என்ற எல்லை. உண்மைப் பியானோவின் ஒலிப்பதிவுகளால் ஆன பெரிய சாம்பிள் பியானோவில் ஒரு கட்டைக்கு ஒரே நேரத்தில் பல ஒலிப்பதிவுகள் ஓடும், பெடல் அழுத்தியிருந்தால் பழைய ஸ்வரங்களும் உயிரோடு இருக்கும். எல்லையை 64-ல் வைத்திருந்தால் பழைய ஸ்வரங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டப்படும். 256 அளவுக்கு ஏற்றுங்கள். சாம்பிள்கள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கால் அவ்வளவு வேகமாகப் படித்துத் தர முடியாது.

3. வெலாசிட்டியைப் பொருத்துங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். நானும் ஒரு காலத்தில் இங்கேதான் ஏமாந்தேன். ஒரு பியானோவை ‘மென்மையே இல்லை’ என்று ஒதுக்கிவிட்டேன். பல மாதம் கழித்து வேறொரு வேலைக்காக மிடி எண்களைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, என் கீபோர்டு எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் 45-க்குக் கீழே அனுப்பவே இல்லை. அந்தப் பியானோவின் மெல்லிய பதிவுகள் ஒன்றையும் நான் கேட்டதே இல்லை. கீபோர்டில் ஒரு அமைப்பை மாற்றியதும் அதே பியானோ எனக்குப் பிடித்த ஒன்றாக மாறிவிட்டது.

ஒரு கட்டையை அழுத்தும்போது கீபோர்டு 1 முதல் 127 வரை ஒரு எண்ணை அனுப்பும். ரெக்கார்டிங் மென்பொருளில் பதிவு செய்து அந்த எண்களைப் பாருங்கள். உங்களால் முடிந்த மிக மெல்லிய அழுத்தம் 15 முதல் 25-க்குள், சாதாரண வாசிப்பு 55 முதல் 75-க்குள், முழுப் பலத்தோடு அடித்தால் 115-க்கு மேல் என்று வந்தால் போதுமானது. இது விதி ஒன்றும் இல்லை, என் அனுபவத்தில் வேலை செய்கிற அளவு. வரவில்லை என்றால் முதலில் கீபோர்டின் தொடு உணர்வு அமைப்பை மாற்றுங்கள், அதிலும் சரியாகாததை மட்டும் மென்பொருளின் வெலாசிட்டி வளைவில் (கீபோர்டு அனுப்பும் எண்ணை ஒலியின் பலமாக மாற்றும் கோடு) திருத்துங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: வெலாசிட்டி 64 என்பது எல்லாப் பியானோவிலும் ஒரே பலம் அல்ல. ஒன்றில் அது மிதமான ஸ்வரம், இன்னொன்றில் ஓங்கி அடித்தது. அதனால் கையால் வாசிக்கும் சோதனைக்கு ஒவ்வொரு பியானோவுக்கும் தனி வளைவு, எண்ணைக் கொடுத்து ஓட்டும் இயந்திரச் சோதனைக்கு நேர்கோட்டு வளைவு. இரண்டையும் கலக்காதீர்கள்.

4. அலங்காரத்தைக் கழற்றுங்கள்

ரிவெர்ப், ஈக்வலைசர், கம்ப்ரெசர், ஸ்டீரியோவை அகலப்படுத்தும் பொத்தான், எல்லாவற்றையும் அணையுங்கள். மைக் நிலைகளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் தந்திகளுக்கு அருகில் உள்ள மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு, அறை மைக்குகளை மூடுங்கள். டைனமிக் ரேஞ்ச் (மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) என்று ஒன்று இருந்தால் அதிகபட்ச அகலத்தில் வையுங்கள்.

காரணம் எளிது. விரலை எடுத்ததும் ஒலி மொட்டையாக வெட்டுப்படுவதையும், நீண்ட ஸ்வரம் பாதியில் செத்துப்போவதையும் ரிவெர்ப் மூடி மறைத்துவிடும். தயாரிப்பாளர்களின் டெமோ பதிவுகளை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதும் இதனால்தான், அவை முழு அலங்காரத்தோடு வருபவை. சில பியானோக்கள் பெரிய அரங்கிலேயே பதிவானவை, அந்த அரங்கின் ஒலியைக் கழற்ற முடியாது. அதைக் குறை என்று எழுதாமல், குறிப்பாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

5. ஒரு சோதனை மிடி கோப்பைத் தயார் செய்யுங்கள்

எல்லாப் பியானோவும் ஒரே தேர்வை எழுத வேண்டும். கையால் வாசித்தால் இரண்டாவது முறை வேறு மாதிரிதான் வரும். கோப்பில் இவை இருக்கட்டும்:

- சி2, சி4, சி6 மூன்றையும் 20 முதல் 30 விநாடி அழுத்திப் பிடித்திருப்பது.
- அதே மூன்று ஸ்வரங்களை வெலாசிட்டி 1-லிருந்து 127 வரை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவது.
- கீழ்க்கோடி ஏ0 முதல் மேல்கோடி சி8 வரை, கருப்பு வெள்ளை விடாமல், ஒரே வெலாசிட்டியில்.
- ஒரே ஸ்வரம், ஒரே வெலாசிட்டி, வேகமாகப் பத்து முறை.
- குட்டை குட்டையாக வெட்டி வாசிக்கும் ஸ்வரங்கள், எல்லா ஸ்தாயியிலும்.
- பெடல், ஒத்ததிர்வுச் சோதனைகள் (9-ஆம் படியில் வருகிறது).
- கடைசியாக நீங்களே வாசித்துப் பதிவு செய்த ஒரு நிமிட இசை: மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஏறி, மீண்டும் அடங்குவதாக.

சோதனைப் பதிப்பை இறக்கியிருந்தால் அதன் கட்டுப்பாடுகளையும் பார்த்துவிடுங்கள். பியானோடெக் என்ற பியானோ மென்பொருளின் இலவசச் சோதனைப் பதிப்பில் சில கட்டைகள் ஒலிக்காது. அது தெரியாமல் ‘ஸ்வரம் விடுபடுகிறது’ என்று குறை எழுதியவர்கள் உண்டு.

6. சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

இதைத் தாண்டிப் போனால் மீதி எல்லாமே வீண். இரண்டு ஒலிகளில் ஒன்று ஒரே ஒரு டெசிபல் அதிகமாக இருந்தாலும், ‘சத்தம் அதிகம்’ என்று காது சொல்லாது. ‘தெளிவு அதிகம், உயிர் அதிகம்’ என்றுதான் சொல்லும்.

ஒவ்வொரு பியானோவிலும் கோப்பை ஓட்டி, 24 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். அந்த ஒரு நிமிட இசைப் பகுதியின் சராசரி உரப்பை அளந்து (உரப்பின் அலகான எல்யூஎஃப்எஸ்-ஐக் காட்டும் மீட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன), எல்லாவற்றையும் 0.2 டெசிபல் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். முழுக் கோப்புக்கும் ஒரே அளவு ஏற்றம் அல்லது இறக்கம்தான், பகுதி பகுதியாகச் செய்யாதீர்கள்.

அலையின் உச்சத்தை வைத்துச் சமப்படுத்துவது பரவலான தவறு. சுத்தியல் தந்தியில் மோதும் அந்த முதல் கணத்தின் உச்சம் ஒவ்வொரு பியானோவிலும் ஒவ்வொரு மாதிரி. உச்சம் சமமானதால் காதுக்குக் கேட்கும் சத்தம் சமமாகிவிடாது.

7. ஒற்றை ஸ்வரம்: எப்படிப் பிறக்கிறது, எப்படித் தேய்கிறது

நீண்ட ஸ்வரங்களில் தொடங்குங்கள். உண்மையான பியானோவில் சி4-க்கு மூன்று தந்திகள். சுத்தியல் அடித்ததும் மூன்றும் ஒன்றாக அசைந்து, பிரிட்ஜ் வழியாக ஒலிப்பலகைக்குச் சக்தியை வேகமாகக் கொடுத்துவிடும். சற்று நேரத்தில் அவை ஒன்றுக்கொன்று எதிராக அசையத் தொடங்க, சக்தி வெளியேறுவது மெதுவாகும். அதனால் ஒலி முதலில் சட்டென்று இறங்கி, அப்புறம் நீளமான மெல்லிய கார்வையாக நிற்கும். அந்த இரண்டு கட்டமும் கேட்கிறதா? ஒரே சீராகச் சரிவாக இறங்கினால் ஸ்வரம் தட்டையாகத் தெரியும்.

கீழ் ஸ்தாயி ஸ்வரம் அரை நிமிடமாவது நிற்க வேண்டும். ஐந்தாறு விநாடிக்குப் பிறகு ஒலி அசைவற்று உறைந்து, ஆர்கன் போல நின்றபடி சத்தம் மட்டும் குறைந்தால், அங்கே சாம்பிள் சின்னத் துண்டாகச் சுழல்கிறது. பழைய டிஜிட்டல் பியானோக்களில் நினைவக இடம் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது. இன்று பல ஜிகாபைட் பிடிக்கும் மென்பொருளில் அதைக் கேட்டால் மன்னிக்காதீர்கள்.

மெல்லிய ஸ்வரங்களின் கடைசிப் பகுதியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு ஸ்வரத்தில் பொறுக்கலாம், ஆனால் பெடலோடு பதினைந்து ஸ்வரம் சேரும்போது இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

8. அடுக்குகளும் அக்கம்பக்கமும்

பலமாக அடித்தால் பியானோ சத்தமாவது மட்டுமல்ல, நாதத்தின் நிறமே பிரகாசமாகும். சாம்பிள் பியானோக்கள் இதைச் சில அடுக்குகளாகப் பதிவு செய்து வைத்திருக்கும். 1-லிருந்து 127 வரை ஏறும் சோதனையில், ஓரிடத்தில் நிறம் படிக்கட்டு ஏறுவது போலத் தாவினால் அங்கே அடுக்கு மாறுகிறது. தாவலை மறைக்க இரண்டு அடுக்குகளைக் கலந்திருந்தால் அந்த இடத்தில் ஒலி லேசாகக் குழைந்து, இரண்டு பியானோ ஒன்றாக ஒலிப்பது போல இருக்கும். எந்த வெலாசிட்டியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். தாவல் 118-ல் இருந்தால் பெரிய தொல்லை இல்லை, 60-ல் இருந்தால் உங்கள் வாசிப்பு முழுக்க அதன் மேலேயே நடக்கும்.

எத்தனை அடுக்கு என்ற விளம்பர எண்ணை நம்பி மதிப்பெண் போடாதீர்கள். பியானோடெக் போல ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் வகையில் அடுக்கே கிடையாது, இந்தச் சோதனையில் அது வழுக்கிக்கொண்டு ஏறும். அதற்காக நாதம் உங்களுக்குப் பிடித்துவிடும் என்றில்லை.

பிறகு ஏ0 முதல் சி8 வரையான ஏற்றம். சில பியானோக்களில் எல்லாக் கட்டையையும் பதிவு செய்யாமல், மூன்றுக்கு ஒன்றைப் பதிந்து, அதன் சுருதியை அரை ஸ்வரம் மேலும் கீழும் இழுத்துப் பக்கத்துக் கட்டைகளுக்குக் கொடுத்திருப்பார்கள். ஒரே குணமுள்ள மூன்று, பிறகு வேறு குணமுள்ள மூன்று என்று கூட்டம் கூட்டமாகக் கேட்டால் அதுதான்.

இதைப் பிடிக்கக் காதைப் பழக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்ற இலவசத் தொகுப்பு யமஹா சி5-இல், 16 அடுக்குகளாக, மூன்று கட்டைக்கு ஒன்று என்று பதிவானது. உண்மை என்ன என்று முன்கூட்டியே தெரிந்த பியானோ அது. அதில் எல்லை எங்கே வருகிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால், வேறு எதிலும் அது உங்கள் காதுக்குத் தப்பாது. பயிற்சிக்கு நான் எப்போதும் இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

9. விடுதல், திரும்ப அடித்தல், பெடல், ஒத்ததிர்வு

மலிவானதும் நல்லதும் பிரிவது இந்தப் படியில்தான். நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

விரலை எடுத்ததும், தந்தியை அடக்கும் மெத்தையான டேம்பர் தந்தியில் விழும். கீழ் ஸ்தாயியில் கனத்த தந்தியை அடக்க அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், நடுவில் சட்டென்று அடங்கும். மேல் ஸ்தாயியில், சுமார் கடைசி ஒன்றரை ஆக்டேவுக்கு, டேம்பரே கிடையாது. ஆகவே சி7-ஐக் குட்டையாக அடித்தாலும் அது தானாகத் தேயும் வரை ஒலிக்க வேண்டும். அது வெட்டுப்பட்டால், செய்தவர்கள் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரே ஸ்வரம் பத்து முறை அடிக்கும் பகுதியில், பத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும். உண்மையில் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியைச் சுத்தியல் மீண்டும் சந்திப்பதால் ஒவ்வொன்றும் சற்று மாறும்.

ஒத்ததிர்வுக்கு: சி4-ஐச் சத்தம் வராதபடி மிக மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு (கோப்பில் என்றால் வெலாசிட்டி 1), சி3-ஐ பலமாக ஒரு குத்துக் குத்தி விடுங்கள். சி3 அடங்கிய பிறகு, நீங்கள் அடிக்காத சி4 மெல்லப் பாட வேண்டும். சி3-இன் ஒலிக்குள்ளேயே இருக்கும் இரண்டு மடங்கு வேக அதிர்வும் சி4-இன் சுருதியும் ஒன்றுதான், அதனால் திறந்திருக்கும் தந்தி விழித்துக்கொள்கிறது. சி4-க்குப் பதில் சி♯4-ஐப் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள், இப்போது அந்தப் பதில் வரக் கூடாது. எதைப் பிடித்தாலும் ஒரே மாதிரி ‘ஹூம்’ என்று வந்தால் அது ஒத்ததிர்வு அல்ல, பொதுவாகப் பூசிய ரிவெர்ப்.

பெடலுக்கு இரண்டு சோதனை. பெடலோடு கீழ் ஸ்தாயியில் ஒரு கனத்த கார்டை அடித்து, கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பெடலை ஒரு நொடிப்பொழுது மேலே விட்டு உடனே மீண்டும் அழுத்துங்கள். உண்மையான பியானோவில் ஒலி குறையும், முழுக்கச் சாகாது. டேம்பருக்கு அடக்கி முடிக்க நேரம் கிடைக்கவில்லை அல்லவா? பல மென்பொருள்களில் அந்த இடத்தில் ஒரே அமைதி. இரண்டாவது, பெடலை 0-லிருந்து 127 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே குட்டை ஸ்வரங்கள் அடித்துப் பாருங்கள், கார்வை கொஞ்சம் கொஞ்சமாக நீள வேண்டும். 63 வரை ஒன்றும் இல்லாமல் 64-ல் திடீரென்று எல்லாம் திறந்தால் அதில் பாதிப் பெடல் இல்லை.

10. மோனோவில் ஒரு தடவை

சேமித்த கோப்பின் இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேளுங்கள். மைக்குகள் ஒன்றையொன்று அழிக்கும் விதத்தில் பதிவாகியிருந்தால் சில ஸ்வரங்கள் மட்டும் உள்ளடங்கி, குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். ஒரே ஸ்பீக்கர் உள்ள கைபேசியில் கேட்பவருக்கு உங்கள் வாசிப்பு அப்படித்தான் போய்ச் சேரும்.

11. பெயர் தெரியாமல் கேளுங்கள்

இப்போதுதான் இசைப் பகுதி. கோப்புகளுக்கு வேறு யாரையாவது விட்டு அ, ஆ, இ என்று பெயர் மாற்றச் சொல்லுங்கள். பெயரும் விலையும் தெரிந்தால் காது நேர்மையாக இருக்காது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சரி.

இரண்டு பியானோக்களுக்கு, அல்லது ஒரே பியானோவின் இரண்டு அமைப்புகளுக்கு, வித்தியாசமே தெரிகிறதா என்ற சந்தேகம் வந்தால், எது எது என்று தெரியாமல் 16 முறை கேட்டுச் சொல்லிப் பாருங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உங்களுக்கு உண்மையாகவே தெரிகிறது எனலாம். குருட்டாம்போக்கில் அது நடக்க 4 சதவீத வாய்ப்புதான். 9, 10 என்று வந்தால் இரண்டுக்கும் உங்கள் காதில் வேறுபாடு இல்லை என்றே வைத்துக்கொண்டு, வட்டில் இடம் குறைவாகப் பிடிப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

20 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்காராதீர்கள். களைத்த காதுக்குப் பிரகாசமான பியானோ எல்லாம் எரிச்சலாகத் தெரியும், மங்கலானது எல்லாம் இதமாகத் தெரியும்.

12. கடைசியில் கையில் கொடுங்கள்

கோப்பைக் கேட்டுத் தேர்ந்த இரண்டு மூன்றை மட்டும் இப்போது நேரடியாக வாசியுங்கள், 3-ஆம் படியில் சொன்ன தனி வளைவோடு. கேட்பதற்கு அழகாக இருந்த ஒன்று விரலுக்குப் பதில் சொல்லாமல் போகலாம். மெல்ல அழுத்தினால் மெல்ல வருகிறதா, ஒரு கார்டில் மேல் ஸ்வரத்தை மட்டும் எடுத்துக் காட்ட முடிகிறதா, வேகமாக ஓடும்போது ஏதாவது ஒரு கட்டை மட்டும் துருத்திக்கொண்டு கேட்கிறதா என்று பாருங்கள். துருத்தும் கட்டையைக் கண்டால், அது மென்பொருளின் குறையா கீபோர்டின் சென்சார் குறையா என்று அதே ஸ்வரத்தைக் கோப்பிலிருந்து ஓட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுங்கள். ரிவெர்ப்பை இப்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. நாள் முடிவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று நினைத்ததைவிட அதிக நேரம் வாசித்தேனா, சீக்கிரம் எழுந்துவிட்டேனா. 9-ஆம் படியில் நல்ல மதிப்பெண் வாங்கிய இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் முடிவு செய்து கொடுத்தது அந்த வரிகள்தான்.